மீசை மாஸ்டரின் சுவர்

"பிள்ளை, இந்தப் பொம்பிளையளுக்குப் படிப்பிக்கிறதும் சுவரோட கதைக்கிறதும் ஒண்டுதான். நீ சீனியர் சோதினை பாஸ் பண்ணினது உண்மையெண்டா, முதல்ல ஒரு சுவரோட கதைச்சுப் பழகு."

நான் வேலைக்குச் சேர்ந்த காலையில் ஹெட் கிளாக்கர் ஐயா எனக்கு வழங்கிய ஆசீர்வாதம் இது. அவர் சொன்னதில் எனக்குக் கோபம் வந்தது, சுவரைப் பற்றியல்ல. 'உண்மையெண்டா' என்ற அந்தச் சொல்லில்தான். எங்கள் வீட்டில் பேனா பிடித்த முதல் கை என்னுடையது. அப்பா வெள்ளவத்தை மில்லில் நூல் சுற்றுகிறவர். அம்மா இன்றைக்கும் கைநாட்டு. நான் சீனியர் பாஸ் பண்ணிய செய்தியை எங்கள் ஒழுங்கையில் கேள்விப்படாத ஆடுமாடுகூட இல்லை. அப்பா அப்படிச் சொல்லித் திரிந்திருந்தார்.

ஹெட் கிளாக்கர் ஐயாவுக்கு ஒன்று தெரியாது. சுவரோடு கதைக்கிற ஒரு மனிதர் அதே கட்டடத்தில் ஏற்கெனவே சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார். கொழும்பில் மட்டுமல்ல, இந்தத் தீவு முழுவதிலும் சுவர்களோடு அவரைப் போலக் கதைத்தவர் வேறெவரும் கிடையாது. அவர் பெயர் மீசை மாஸ்டர். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். அதை யாரும் விசாரித்ததில்லை.

அவர் படமாகக் கீறிய மனிதர் எல்லோருக்கும் மீசை இருந்தது. ஆணுக்கு, பெண்ணுக்கு, கைக்குழந்தைக்கு, வானத்துச் சம்மனசுக்கு எல்லாம் ஒரே அளவான, இரண்டு பக்கமும் முறுக்கிய, தடித்த கறுப்பு மீசை. அவர் குடியிருந்த கொட்டாஞ்சேனை முழுவதிலும் மீசையில்லாத முகம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது மீசை மாஸ்டருடையது. உரித்த முட்டை போலிருப்பார். எத்தனையோ எண்ணெய் பூசிப் பார்த்தாராம். ஒரு மயிரும் எட்டிப் பார்க்கவில்லை.

கொட்டாஞ்சேனைப் பேக்கரி ஒன்றுக்கு அவர் பெயர்ப்பலகை எழுதிய கதை பிரசித்தம். ஒரு சின்னப் பையன் பாண் தின்கிற மாதிரிப் படம் வேண்டுமென்று பேக்கரிக்காரர் கேட்டிருக்கிறார். பையன் வந்தான், பாணும் வந்தது, மீசையும் வந்தது.

"என்ன மாஸ்டர், பால்குடிப் பிள்ளைக்கு மீசையோ?"

"உங்கட பாணைத் திண்டா அவ்வளவு கெதியா வளருவான் எண்டு சனம் நினைக்கட்டுமே!"

அந்தப் பலகை இன்றைக்கும் தொங்குகிறது. பாண் நன்றாக விற்கிறதென்று கேள்வி. ஆனால் எல்லோரும் பேக்கரிக்காரர் அல்ல. திருவிழாப் பந்தலுக்குக் கீறிய சம்மனசுக்கு மீசை வைத்த வருடம், கோயில் பங்குச் சாமியார் அவரைக் கூப்பிட்டு, அடுத்த திருவிழாவுக்குக் கொடி கட்டும் கயிறு திரிக்கிற வேலையைக் கொடுத்துவிட்டார்.

அதன் பிறகுதான் கிராண்ட்பாஸில் ட்ராம் கார் திரும்புகிற இடத்துக்குக் கிட்ட இருந்த எங்கள் தேயிலை ஸ்டோருக்கு வந்து சேர்ந்தார். வேலை லேசானது. தேயிலைப் பெட்டிகளின் மேல் எழுத்து வெட்டிய தகரத் தகட்டை வைத்து, கறுப்பு மையைப் பூசித் தோட்டத்துப் பெயரைப் பதிக்க வேண்டும். தகட்டில் மனித முகம் எதுவும் இல்லாததால் ஆபத்தில்லை என்று கம்பனி நினைத்தது. கம்பனிக்கு அவரைத் தெரியவில்லை. தகட்டில் முகம் இல்லாவிட்டால் என்ன, சுற்றிவரச் சுவர் இருந்தது.

அவருக்கு ஒரு பழக்கம்: வேடிக்கைப் பேச்சுக்கு வாய் உண்டு; வேண்டியதையும் மனதில் இருப்பதையும் கீறாமல் சொல்ல வராது. பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் போய் இருந்தால் வாயைத் திறக்க மாட்டார். விரலைத் தண்ணீரில் தோய்த்து மேசையில் ரொட்டி கீறுவார். பக்கத்தில் கறிக் கோப்பை கீறுவார். எல்லோரும் காக்கா என்று கூப்பிடுகிற முஸ்லிம் கடைக்காரர் பார்த்துவிட்டு உள்ளே குரல் கொடுப்பார். வீட்டில் மனைவியோடு சண்டை வந்தாலும் இதே முறைதான். இவர் குசினிச் சுவரில் கீறிவிட்டு வேலைக்கு வருவார். அந்த அம்மா அடுப்புக் கரியால் பதில் கீறிவைப்பார். ஒருநாள் அவர் கீறி முடிக்க முன்னம் கடைக்காரர் ஈரத்துணியால் மேசையைத் துடைத்தபோது மாஸ்டர் துள்ளி எழும்பிவிட்டார்.

"அடேய் காக்கா! என்ட மனிசியை அழிச்சுப் போட்டாயே! இப்பதானே சமாதானமாகி வந்தவள்!"

இனி என் கதைக்கு வருகிறேன்.

உலக யுத்த காலம். ஸ்டோரில் வேலை செய்த ஆண்களெல்லாம் நல்ல கூலி தேடித் துறைமுகத்துக்கும் பட்டாளத்து வேலைக்கும் போய்விட்டார்கள். தேயிலைத் தூளைத் தாள் பக்கெட்டுகளாகக் கட்டுகிற வேலைக்குப் பெண்களை எடுத்துப் பார்ப்போம் என்று ஸ்டோரை நடத்திய வெள்ளைக்காரத் துரை தீர்மானித்தார். கொட்டாஞ்சேனையிலிருந்து கத்தோலிக்கப் பெண்கள் ஒரு மேசை. தெமட்டகொடைப் பக்கத்துச் சிங்களப் பெண்கள் ஒரு மேசை. கிராண்ட்பாஸ் வரிசை வீடுகளிலிருந்து முஸ்லிம் பெண்கள் ஒரு மேசை. இவர்களுக்கு வேலை பழக்கவென்று என்னை எடுத்தார்கள். எப்படிப் பழக்குவது என்பதும் தீர்மானமாகியிருந்தது. இங்கிலீசில் அச்சடித்த ஒரு விதிக் கடுதாசியைக் காலையில் நான் உரக்க வாசிக்க வேண்டும். பிறகு தமிழில் சொல்ல வேண்டும். தெரிந்த அளவு சிங்களத்திலும் சொல்ல வேண்டும்.

என்ன குரலில் வாசித்தேன் தெரியுமா! பள்ளிக்கூடத்துப் பரிசளிப்பு விழாவில்கூட நான் அப்படி வாசித்ததில்லை. கடற்கரை ரெயிலில் கோட்டைக்கு வரும் வழியெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு வருவேன். நான் வாசித்து முடிந்ததும் பெண்கள் மரியாதையாகத் தலையாட்டுவார்கள். பிறகு போய், தாங்கள் நினைத்தபடி பக்கெட் கட்டுவார்கள். துறைமுகத்துக்குப் போன பெட்டியைத் திறந்தால் பாதிப் பக்கெட்டுகள் அடி பிரிந்து, தூள் எல்லாம் பெட்டிக்குள் கொட்டியிருக்கும்.

கொட்டாஞ்சேனை மேசையின் பிலோமினாக்கா ஒருநாள் மனம்விட்டுச் சொன்னார். "மிஸ், நீங்க வாசிக்கிறது கேக்க நல்லா இருக்கு. பூசைப் பிரசங்கம் மாதிரி. ஆனா பிரசங்கம் கேட்டு ஆர் மிஸ் திருந்தினது?"

அன்று மத்தியானம்தான் மீசை மாஸ்டர் கடை மேசையில் தண்ணீரால் ரொட்டி கீறுவதை முதன்முதலாகப் பார்த்தேன். ஒரு வார்த்தை பேசாமல் அவர் கேட்டது அவருக்குக் கிடைத்தது. நான் இவ்வளவு பேசியும் எனக்குக் கிடைக்கவில்லை. நேரே போய் ஹெட் கிளாக்கர் ஐயாவின் மேசைக்கு முன்னால் நின்றேன்.

"ஐயா, எனக்கு ஒரு சுவர் வேணும்."

"சுவரோ? என்னத்துக்கு?"

"நீங்கள்தானே சொன்னீங்கள், சுவரோட கதைச்சுப் பழகச் சொல்லி."

மூக்குக் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். தன் சொல்லைத் தானே விழுங்குகிற பழக்கம் அவருக்கு இல்லை. மேசைகளுக்கு எதிரே இருந்த நீண்ட வெள்ளைச் சுவரைக் காட்டி, "கெடுத்துப் போடாதை" என்றார்.

மாஸ்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். பக்கெட் கட்டுகிற வேலையை ஐந்து படமாகக் கீற வேண்டும். முதலில் அச்சுப் பெட்டிக்குள் தாளையும் ஈயத்தாளையும் வைப்பது. பிறகு தூள் போடுவது. தட்டி இறுக்குவது. மடிப்பது. கடைசியில் லேபல் ஒட்டுவது. அவர் பக்கெட் கட்டியதே இல்லை. அதைப் பற்றி அவருக்குக் கவலையுமில்லை.

"மிஸ், யானையைக் கீற யானையாப் பிறக்க வேணுமோ? விடுங்க என்னட்ட."

அடுத்த காலை சுவரைப் பார்த்து நான் பெருமைப்பட்டேன். ஆள் உயரத்தில் ஐந்து படம், வரிசையாக, நான் சொன்னபடியே. ஐந்து பெண்கள். ஐந்து பேருக்கும் மீசை.

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். தெமட்டகொடை மேசையின் சோமாவதி, "அய்யோ நோனா, கேனிட்டத் ரெவுல?" என்று கேட்டாள், பெண்ணுக்குமா மீசை என்று. ஹெட் கிளாக்கர் ஐயா பாய்ந்து வந்தார்.

"சத்தம் போடக் கூடாது! சிரிக்கக் கூடாது! வாயை மூடு, படத்தைப் பார், கையால செய்! ஒரு கேள்வியும் கேக்கக் கூடாது!"

மூன்று மேசையும் அடங்கின. மத்தியானம் வரைக்கும் கடுதாசி சரசரக்கிற சத்தம் மட்டும் கேட்டது. நான் சுவரைப் பார்ப்பேன், பெண்களைப் பார்ப்பேன், மனதுக்குள் அப்பாவிடம் சொல்ல வேண்டியதைச் சரிபார்த்துக்கொள்வேன். மத்தியானம் துரை சுற்றிப் பார்க்க வந்தார்.

கொட்டாஞ்சேனை மேசையில் லேபல் ஒட்டிய பக்கெட்டுகள். தெமட்டகொடை மேசையிலும் அப்படியே. கிராண்ட்பாஸ் மேசையில் மட்டும் எல்லாம் வெள்ளி உடுப்புப் போட்டிருந்தன. கல்யாண வீட்டுப் பலகாரம் மாதிரிப் பளபளவென்று அடுக்கியிருந்தார்கள். ஈயத்தாள் வெளியே இருந்தது. லேபல் உள்ளே இருந்தது. துரை ஒன்றை எடுத்துத் திருப்பினார். உள்ளே இருந்த தூள் முழுவதும் அவருடைய வலது கால் சப்பாத்துக்குள் இறங்கியது.

"அழகாகத்தான் இருக்கிறது," என்றார் துரை இங்கிலீசில். "ஆனால் இது என்ன?"

நான் ஆயிஷா உம்மாவைப் பார்த்தேன். கிராண்ட்பாஸ் மேசையில் மூத்தவர் அவர்தான். மற்றவர்கள் அவருடைய கையைப் பார்த்துத்தான் செய்வார்கள். கணவர் துறைமுகத்தில் பாதை என்கிற சரக்குப் படகு தள்ளியவர்; நெஞ்சு வருத்தம் வந்து வீட்டில் படுத்த பிறகு, உறவினரின் முகச்சுளிப்பையெல்லாம் பொறுத்துக்கொண்டு முதன்முதலாக வேலைக்கு வந்தவர்.

"படத்துல ஈக்கிற மாதிரித்தானே மகள் செஞ்சோம்?" என்றார் அவர். சுவரின் வலது கோடிக்குப் போய்க் கடைசிப் படத்தில் விரலை வைத்தார். "இந்தா, முதலாவது லேபல ஒட்டுற." அடுத்த படத்துக்கு வந்தார். "பொறகு மடிக்கிற. பொறகு தட்டுற. பொறகு தூளப் போடுற. கடைசியா ஈயத்தாளச் சுத்துற."

"உம்மா, ஏன் அந்தப் பக்கத்திலயிருந்து பாத்தீங்கள்?"

"வேற எந்தப் பக்கத்தால பாக்கிற? சின்ன வயசுல ஓதின கிதாபு அந்தப் பக்கத்தாலதானே தொடங்குது?"

சுவரின் வலது கோடியை நானும் திரும்பிப் பார்த்தேன். சீனியர் பாஸ் பண்ணிய எனக்கும், யானையாகப் பிறக்காமல் யானை கீறுகிற மாஸ்டருக்கும் அது தோன்றவில்லை. அந்த மேசையில் இருந்தவர்கள் வாழ்க்கையில் கற்ற ஒரே எழுத்து, வலத்திலிருந்து இடத்துக்கு ஓடுகிற அரபு எழுத்து. அவர்கள் படத்தைச் சரியாகத்தான் வாசித்திருக்கிறார்கள்.

"இப்பிடி வருதே, பிழையா இருக்கே எண்டு கேட்டிருக்கலாமே, உம்மா?"

"வாயத் தொறக்க வேணாண்டு சென்னாங்களே, மகள்!"

ஹெட் கிளாக்கர் ஐயா அந்த நேரம் பார்த்து ஜன்னல் வழியாக வெளியே எதையோ கவனித்துக்கொண்டிருந்தார்.

துரை சப்பாத்தைக் கழற்றித் தட்டினார். கெட்ட மனிதரல்ல. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொன்னார். மாதக் கடைசிவரை பார்ப்பார். அதற்குள் பெண்கள் ஒழுங்காகக் கட்டாவிட்டால் மூன்று மேசையையும் மூடிவிட்டு, பக்கெட் வேலையை வேறொரு ஸ்டோருக்குக் கொடுத்துவிடுவார். மேசைகள் மூடினால் எனக்கும் அங்கே வேலையில்லை.

எனக்கு ஒரு தங்கச்சி இருக்கிறாள். என் சம்பளத்தை நம்பித்தான் அவளை அந்த வருடம் இங்கிலீஸ் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தோம். எங்கள் வீட்டில் பேனா பிடிக்கப் போகிற இரண்டாவது கை அவளுடையது. அன்று ட்ராம் காரில் திரும்பி வரும்போது அவளுடைய புதுப் பையின் நினைவாகவே இருந்தேன்.

"சுவர் என்ன சொல்லிச்சு, பிள்ளை?" என்று ஹெட் கிளாக்கர் ஐயா அடுத்த காலை விசாரித்தார். 

மீசை மாஸ்டரோ என்னைவிடக் காயப்பட்டிருந்தார். பெட்டிகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டு, தோட்டத்துப் பெயர்களை அடித்து நொறுக்குகிறமாதிரிப் பதித்துக்கொண்டிருந்தார். "ஒழுங்காக் கீறின படத்தை ஆக்கள் வலம் இடமாப் பாத்தா நான் என்ன செய்ய? நாளைக்குத் தலைகீழா நிண்டு பாத்துப்போட்டு யானைக்குக் கால் மேல எண்டு சொல்லுவினம்!"

அன்று மத்தியானம் ஹெட் கிளாக்கர் ஐயா சாப்பிடப் போயிருந்தார். நானும் என் சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டு உள்ளே வந்தால் ஒரே இரைச்சல். மூன்று மேசைப் பெண்களும் சுவருக்கு முன்னால் கூட்டமாக நிற்கிறார்கள். நடுவில் பிலோமினாக்கா, கையில் ஈரத்துணியோடு.

"இது நான்தான்! சட்டைக் கொலரைப் பார், கொண்டையைப் பார்! அந்த மனிசன் என்னைத்தான் பாத்துக் கீறியிருக்கு. எனக்கு மீசையோ? எனக்கு?"

"உங்களுக்குக் கொஞ்சம் ஈக்கித்தானே, புள்ளே," என்றார் ஆயிஷா உம்மா அமைதியாக.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பிலோமினாக்கா மீசையை அழிக்க எட்டினார். எட்டினவர் நின்றுவிட்டார்.

"இஞ்ச பாருங்கோ! பக்கெட்டை இப்பிடியோ பிடிக்கிறது? கை மேல இருக்கு. இப்பிடிப் பிடிச்சுத் தட்டினா அடி பிரியாம என்ன செய்யும்?"

"அப்ப எப்பிடிப் பிடிக்கிற?"

பிலோமினாக்கா துணியை எறிந்துவிட்டு ஒரு பக்கெட்டை எடுத்துக் காட்டினார். சோமாவதிக்கு அது பிடிக்கவில்லை. ஒரு பாஷையும் பேசாமல் பிலோமினாக்காவின் பெருவிரலைப் பிடித்து ஓரமாக நகர்த்தி வைத்தாள். பக்கெட் இன்னும் இறுகியது. ஆயிஷா உம்மா இரண்டு பேரையும் தள்ளிக்கொண்டு தானும் செய்து பார்த்தார். நான் கதவோரத்தில் நின்றுகொண்டிருந்தேன். நான் இவ்வளவு நாளும் பரிசளிப்பு விழாக் குரலில் வாசித்தது எதுவும் அந்த மீசை செய்த வேலையைச் செய்யவில்லை. சரியான படத்துக்கு முன்னால் அவர்கள் ஊமையாக நின்றார்கள். பிழை ஒன்று கண்ணில் பட்டதும் எல்லோருக்கும் வாய் வந்துவிட்டது. கையும் வந்துவிட்டது.

பெட்டிகளுக்குப் பின்னால் ஓடினேன்.

"மாஸ்டர், எனக்கு இனிப் பிழையான படம் வேணும். ஒவ்வொரு நாளும் ஒண்டு."

"பிழையாவோ? வேணுமெண்டோ?" மை தோய்ந்த தூரிகை அந்தரத்தில் நின்றது. "மிஸ், ஒரு பாட்டுக்காரனிட்டப் போய் அபசுரமாப் பாடு எண்டு கேப்பீங்களோ?"

"பிழையாக் கீறுறது லேசில்லை, மாஸ்டர். பாத்த உடன தெரியவும் கூடாது, தெரியாமலும் போகக் கூடாது. கொழும்பில வேற ஆராலயும் ஏலாத வேலை."

"வேற ஆராலயும் ஏலாதோ?"

"ஏலாது."

"அப்ப சரி," என்றார்.

இன்னொன்றையும் மாற்றினோம். படங்களை இனிப் பக்கவாட்டில் கீறாமல் ஒன்றின் கீழ் ஒன்றாகக் கீற வேண்டும் என்றேன். இடமா வலமா என்று ஆளுக்கொரு வழக்கம் இருக்கலாம். மேலேயிருந்து கீழே வருவதில் யாருக்கும் வழக்கு இல்லை. மழையும் அப்படித்தான் வருகிறது.

பெண்களைக் கதைக்க விட வேண்டும் என்று ஹெட் கிளாக்கர் ஐயாவிடம் கேட்டபோது, "சந்தையாப் போயிடும்" என்றார். பெல் அடிக்க முன்னம்தான், கம்பனி நேரமில்லை என்றேன். அதற்கு அவரிடம் விதி ஒன்றும் இருக்கவில்லை. தேடிப் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு மீசை மாஸ்டருக்கு வந்தது பார்க்க வேண்டிய காலம். பிழை செய்ய அனுமதி கிடைத்த கலைஞரை யாரால் தடுக்க முடியும்? ஒருநாள் சுவரில் ஒருத்தி பக்கெட்டைத் தலையால் முட்டி இறுக்கிக்கொண்டிருந்தாள். இன்னொரு நாள் ஒருத்தி லேபலைப் பக்கத்தில் இருந்தவளின் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒருத்தி தும்ம, தூள் எல்லாம் மேகமாகப் போய்க் காகங்கள் இருமின. காகங்களுக்கும் மீசை. இந்தப் பெரிய பிழைகளுக்கு நடுவில், மடிப்பு ஒரு விரல்கடை விலகின மாதிரிச் சின்னப் பிழை ஒன்றையும் நான் சொல்லி ஒளித்துவைப்போம். பெரிய பிழைக்குச் சிரிப்பார்கள். சின்னப் பிழைக்குச் சண்டை பிடிப்பார்கள். கண்டுபிடித்தவள் சரியாகச் செய்து காட்ட வேண்டும் என்பது அவர்களே போட்டுக்கொண்ட சட்டம். பெல் அடிக்க வெகுநேரம் முன்பே கேற்றடியில் வந்து நிற்கத் தொடங்கினார்கள். "இண்டைக்கு என்ன பிழை?" என்பது 'வணக்கம்' மாதிரி ஆகிவிட்டது.

ஒரு காலை ஆயிஷா உம்மா வெண்கட்டியைக் கேட்டு வாங்கினார். ஓதின காலத்துக்குப் பிறகு அவர் கையில் எழுதுகிற பொருள் எதுவும் இருந்ததில்லையாம். ஈயத்தாளின் மூலை மடிப்பு எங்கே போக வேண்டும் என்று ஒரு சின்னக் கோணலான முக்கோணம் கீறினார். மாஸ்டர் தலையைச் சாய்த்து வெகுநேரம் பார்த்தார். பிறகு அந்த முக்கோணத்துக்கு ஒரு மீசை வைத்தார். அவரிடமிருந்து அதைவிடப் பெரிய சான்றிதழ் வராது.

மாதக் கடைசி வந்தது. துரை வழக்கமாக மத்தியானம் வருகிறவர், அன்று பெல் அடிக்க முன்னமே வந்துவிட்டார். அன்றைய படத்தை நான் அப்போதுதான் பார்த்தேன். 

சுவரில் துரை நின்றார். அதே அரைக் காற்சட்டை, அதே தொப்பி. கையில் ஒரு பக்கெட் தலைகீழாக. தூள் ஆறாகப் பாய்ந்து வலது சப்பாத்துக்குள் இறங்குகிறது. முகத்தில் காதுக்குக் காது மீசை.

ஹெட் கிளாக்கர் ஐயாவும் அதே கணத்தில் பார்த்தார். கையில் இருந்தது குடை ஒன்றுதான். பாய்ந்து போய்ச் சுவருக்கு முன்னால் நின்று குடையை விரித்துப் பிடித்தார்.

"உள்ளே மழை பெய்கிறதா?" என்று கேட்டார் துரை.

"இல்லை, சேர். பெய்யலாம், சேர்."

"குடையை மடியும்."

குடை மடிந்தது. துரை சுவர்த் துரையைப் பார்த்தார். சுவர்த் துரையும் இவரைப் பார்த்தார். பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு தகரத் தகடு விழுந்து உருளுகிற சத்தம் கேட்டது.

"இது யார்?"

 தங்கச்சியின் பை என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. நான் முன்னே போனேன். என் குரலில் பரிசளிப்பு விழா எதுவும் இருக்கவில்லை.

"சேர், இது இன்றைய பாடம். படத்தில் பிழைகள் இருக்கின்றன. அவற்றைக் கண்டுபிடிப்பதுதான் இவர்களுடைய வேலை."

"அப்படியா? கண்டுபிடிக்கட்டும்."

 பிலோமினாக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"பக்கெட் தலைகீழா இருக்கு!"

"யட்ட நவலா நே!" என்று சோமாவதி கத்தினாள், அடி மடிக்கவில்லை என்று.

"தட்டி இறுக்கவும் இல்லை!" "லேபல் கோணல்!" மூன்று மேசையும் பிடித்துக்கொண்டன. நான் ஒவ்வொன்றாக இங்கிலீசில் சொல்லச் சொல்ல, துரை தன் வலது சப்பாத்தைப் பார்த்துக்கொண்டார். பிறகு கிராண்ட்பாஸ் மேசைப் பக்கம் திரும்பினார். வெள்ளிப் பக்கெட்டை அவர் மறக்கவில்லை.

"அந்த அம்மா என்ன சொல்கிறார்?"

 ஆயிஷா உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மேசைக்குப் போனார். தாள், ஈயத்தாள், தூள். தட்டினார். பெருவிரலை சோமாவதி காட்டிய இடத்தில் வைத்து மடித்தார். லேபலை ஒட்டி, புறங்கையால் ஒருமுறை தடவிக் கொண்டுவந்து துரையிடம் கொடுத்தார். துரை அதைக் காதடியில் வைத்துக் குலுக்கினார். பிறகு வலது காலை முன்னே நீட்டி, சப்பாத்துக்கு நேரே பக்கெட்டைக் கவிழ்த்து உதறினார்.

ஒரு தூளும் விழவில்லை.

"வேறு பிழை ஏதாவது படத்தில் இருக்கிறதா என்று கேளும்," என்றார் துரை.

நான் கேட்டேன். ஆயிஷா உம்மா சுவரைப் பார்த்தார், துரையைப் பார்த்தார், திரும்பவும் சுவரைப் பார்த்தார்.

"ஒண்டு ஈக்கி, மகள். தொரைக்கு மீச இல்லயே."

அந்த வசனத்தை இங்கிலீசில் சொல்வதற்கு எந்தப் பள்ளிக்கூடமும் என்னைத் தயார்ப்படுத்தவில்லை. ஆனாலும் ஒரு சொல் குறையாமல் சொன்னேன். துரையின் விரல் தானாகவே மேலுதட்டுக்குப் போனது.

"வாலிபத்தில் வளர்த்துப் பார்த்தேன்," என்றார், கொஞ்சம் வருத்தமாக. "எனக்கு வரவில்லை."

நான் அதைத் தமிழில் சொன்னதுதான் தாமதம், பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வெடித்துக்கொண்டு வந்தது.

"எனக்கும்தான் சேர்!"

மேசைகள் மூடப்படவில்லை. ஹெட் கிளாக்கர் ஐயா குடையை மாட்டிவிட்டு என்னிடம் வந்து, "வருசத்துக்கு ஒருக்காச் சுவரை வெள்ளையடிக்க வேணும். அதுக்கு ஆர் பொறுப்பு?" என்று கேட்டார். அவருடைய அகராதியில் அதற்குப் பாராட்டு என்று பொருள்.

யுத்தம் முடிந்து, இந்த வருடம் நான் அந்த ஸ்டோரைவிட்டு வந்தேன். விடைபெறுகிற நாளில் மீசை மாஸ்டர் தேயிலைப் பெட்டி மூடி ஒன்றைக் கடுதாசியில் சுற்றிக் கொடுத்தார். பிரித்துப் பார்த்தேன். என் முகம். என் ஒற்றைப் பின்னல், என் கழுத்துச் சட்டை. மூக்குக்குக் கீழே அவருடைய கைவேலை.

"எனக்குமோ, மாஸ்டர்?"

அவர் முகத்தைத் தடவிக்கொண்டார். "கோவிக்காதீங்க, மிஸ். மீசை இல்லாத முகத்தைச் சனம் ஒருக்காப் பாத்துப்போட்டு விட்டிடும். எனக்குத் தெரியும்."

அன்றுதான் அவர் வேடிக்கையில்லாமல் மனதில் இருந்ததைக் கீறாமல் கதைத்ததை நான் முதன்முதலாகக் கேட்டேன்.

பலகையை வீட்டில் மாட்டினேன். தங்கச்சி விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மா, இது ஆரெண்டு சொல்லுங்கோ பாப்பம்?" என்றாள்.

எழுத்துத் தெரியாத என் அம்மா அதை ஏறிட்டுப் பார்த்துவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பினார். "ஆர்? உன்ர அக்காதான். நாலு பேருக்கு முன்னால நிண்டு கதைக்கேக்க அவளின்ர முகம் இப்பிடித்தானே இருக்கும்."

போன திங்கட்கிழமை தெமட்டகொடையில் ஒரு சவர்க்காரத் தொழிற்சாலையில் சேர்ந்துவிட்டேன். ஆண்களும் பெண்களுமாகப் பெரிய கூட்டம். பழக்க வேண்டிய வேலையும் நிறைய இருக்கிறது. மனேஜரிடம் நான் கேட்ட முதல் பொருள் ஒரு சுவர். தந்துவிட்டார். எனக்குப் படம் கீற வராது. மாஸ்டரைக் கூப்பிட்டால் வருவார்தான். ஆனால் ஸ்டோர்ச் சுவர் அவரை விடாது. ஆகவே நானே தொடங்கிவிட்டேன். சவர்க்காரக் கட்டியை வெட்டுகிற ஒருத்தியைக் கோணலும் மாணலுமாகக் கீறி முடித்தேன்.

எட்டி நின்று பார்த்தேன். முகம் கண்ணில் நிற்கவில்லை. திரும்பப் போய், மூக்குக்குக் கீழே இரண்டு பக்கமும் முறுக்கி, தடிப்பாக ஒன்று வைத்தேன். இப்போது நிற்கிறது.